அட்டுவம்பட்டி வைஃபையும் அடிவாரத்து அக்காவும்

இரண்டு வருடங்களுக்கு முன், கொடைக்கானலில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அட்டுவம்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில்தான் இது ஆரம்பித்தது. என் லேப்டாப்பில் வைஃபை நின்று நின்று வந்தது. இதையெல்லாம் போய் மறக்க முடியாத அனுபவம் என்று எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்கிப் பேசும் குழந்தைகள், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், இவர்களை மறுபடி பேச வைப்பது என் தொழில். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரருக்குக் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வேலை அமைந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிட்டோம். இங்கே எனக்கு ஏற்ற வேலை ஏதும் கிடைக்கவில்லை. அதனால் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். நாலைந்து குழந்தைகள், இரண்டு மூன்று பெரியவர்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர்தான் நான் சொல்லப்போகும் அக்கா.

அக்காவுக்குப் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. அவரும் அவர் கணவரும் சேர்ந்து நடத்துவது. கடையின் வாய் என்றால் அக்காதான். கேரளாக்காரர் வந்தால் மலையாளத்தில் பேசுவாராம். ஆந்திராக்காரர் வந்தால் அவருக்குத் தெரிந்த தெலுங்கில் சமாளிப்பாராம். கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அதிகம் பேசாதவர். "அவ பேசுவா, நான் பொட்டலம் கட்டுவேன், அம்புட்டுத்தான் டீச்சர் என் சோலி" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் கால் ஓரளவு சரியாகிவிட்டது. வலது கையில் கொஞ்சம் பலம் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

இப்படிப் பேச்சு போனவர்களைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. புத்தியும் மங்கிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அக்காவுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாம் பேசுவது புரியும். தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அந்த வார்த்தை மட்டும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெரிய முயற்சிக்குப் பிறகு முதல் எழுத்து வரும், மிச்சம் வராது.

வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். அக்கா வீட்டில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். நான் லேப்டாப்பிலிருந்து ஒரு படத்தை அனுப்புவேன். தேங்காய், விளக்கு, பூ என்று அவருக்குப் பழக்கமான பொருளாக இருக்கும். பிறகு லேப்டாப் திரையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, என் வாய் கேமராவுக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொல்ல உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று காட்டுவேன். அதற்கப்புறம் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்புதான் முக்கியமான வைத்தியம். எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அக்கா தானாகத் தேடி, தானாக எடுத்து வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் வைஃபை காலை வாரியது.

நான் உதட்டைக் குவித்துக் காட்டும்போது என் படம் அவர்கள் பக்கம் அப்படியே நின்றுவிடும். நான் காத்திருக்கிறேன் என்று நினைத்து அக்கா பாட்டுக்கு முயற்சி செய்துகொண்டிருப்பார். எனக்கோ ஒன்றும் கேட்காது. என் திரையிலும் அவர் முகம் அசையாமல் நிற்கும். முதலில் அவர் யோசிக்கிறார் என்றுதான் நினைப்பேன். பிறகு பார்த்தால் மூலையில் வைஃபை சின்னத்தைக் காணோம். பெருமூச்சு விட்டுத் திரையைப் பின்னால் தள்ளி, என்ன ஆயிற்று என்று அங்கே இங்கே தட்டிப் பார்ப்பேன். சற்று நேரத்தில் தானாகவே வந்துவிடும்.

ஒரு நாள் அப்படி நின்று திரும்பி வந்தபோது அண்ணன் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர்.

"சொல்லிட்டா டீச்சர். பூன்னு தெளிவாச் சொல்லிட்டா. கேட்டுச்சாங்க?"

எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குப் பேச்சு போன பிறகு முதன்முதலாக முழுசாகச் சொன்ன வார்த்தை அது. இன்னொரு முறை சொல்லுங்கள் அக்கா என்று கேட்டேன். அவர் முயன்றார், கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். வரவில்லை. முகம் சுருங்கித் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு வகுப்பை அத்தோடு முடித்து லேப்டாப்பை மூடினேன். இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதை நான் ஏற்கெனவே பல முறை செய்திருந்தேன். பிறகு லைன்மேன் மழைக் கோட்டோடு வந்தார். நல்ல மனிதர். வீட்டுக்குப் பின்னால் காட்டெருமைகள் வந்து போகிற இடத்தில் வயர் தொய்ந்திருந்ததைப் பார்த்து இழுத்துக் கட்டினார். முனையில் இருந்த கனெக்டரையும் மாற்றினார். லைனில் குறையே இல்லை என்று தன் கருவியைக் காட்டினார். பிறகு ஏன் நிற்கிறது என்று கேட்டேன். "மேடம், மிஸ்ட் இறங்கிருச்சுன்னா இங்க எல்லாமே கொஞ்சம் ஸ்லோதான். மலைன்னா அப்படித்தான் மேடம்" என்றார்.

இதையேதான் எல்லோரும் சொன்னார்கள். பால் கொடுக்க வரும் அம்மா சொன்னார். வீட்டு ஓனர் சொன்னார். என் வீட்டுக்காரரும் சொன்னார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மூடுபனி இல்லாமல் வெயில் பளிச்சென்று அடித்த நாளிலும்தானே நின்றது? மலை என்று பழியைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் தேடவே வேண்டியதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அந்தப் பதில் வசதியாக இருக்கிறது என்று தோன்றியது.

எங்கள் வீடு பழைய கட்டடம், கனமான கருங்கல் சுவர். ரூட்டர் முன் அறையில் இருந்தது, நான் வகுப்பு எடுப்பது பின் அறையில். வயரை நீட்டி ரூட்டரை என் மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். சிக்னல் கோடுகள் முழுசாக வந்தன. மறுநாள் வகுப்பில், அத்தனை கோடும் இருக்கும்போதே, பொசுக்கென்று நின்றது.

அடுத்த சந்தேகம் பக்கத்து வீட்டு ஹோம் ஸ்டே மேல். சனி, ஞாயிறு என்றால் அங்கே ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து ரூட்டர்கள் ஒரே சேனலில் ஓடினால் ஒன்றையொன்று கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படித்து, அதன் அமைப்புக்குள் நுழைந்து சேனலை மாற்றினேன். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து உயிரியல் எடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடுத்த வகுப்பு வரைக்கும்தான்.

பிறகு லேப்டாப்புக்குள் இறங்கினேன். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக லேப்டாப்பே வைஃபையை அவ்வப்போது அணைத்துவிடும் ஓர் ஏற்பாடு உண்டாம். அதைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டேன். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். சில நாட்கள் நன்றாக ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று கேசரி கிண்டி வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். மறுநாளே நின்றது. அவர் சிரிக்கவில்லை, பாவம், அடக்கிக்கொண்டார்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். வகுப்பு நடக்கும்போது லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே என் போனை அதே வைஃபையில் இணைத்து ஒரு வீடியோவை ஓட விட்டேன். லேப்டாப்பில் அக்கா முகம் நின்றபோது போனில் வீடியோ ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆக, லைனில் கோளாறு இல்லை. ரூட்டரிலும் இல்லை, மலையிலும் இல்லை. லேப்டாப்பில்தான் இருக்கிறது. அந்தப் போனிலேயே வகுப்பை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். படங்களை அனுப்பும் அந்த மென்பொருள் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். அது இல்லாமல் அக்காவோடு வேலை செய்வது கையைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரி.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு முறைகூட நிற்கவில்லையாம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டிலும் அதே கதைதான். நான் அறிக்கைகள் தட்டச்சு செய்யும்போது நிற்காது. சோதிப்பதற்காகப் படம் ஓட விட்டால் நிற்காது. அக்காவின் வகுப்பில் மட்டும் தவறாமல் நிற்கும். வேண்டுமென்றே என்னைப் பழிவாங்குகிறதோ என்றுகூட நினைத்தேன். புதிது வாங்கிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்போது எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதைவிட, கோளாறு என்னவென்று தெரியாமல் தோற்றுப்போவதில் எனக்கு இஷ்டமும் இல்லை.

இதற்கிடையில் அக்காவிடம் ஒரு மாற்றம். வகுப்பு நின்று திரும்பும்போதெல்லாம் அவர் "சா... சா..." என்று சொல்ல ஆரம்பித்தார். கூடவே இடது உள்ளங்கையை நேராக நிமிர்த்தி, மெதுவாக முன்னால் கவிழ்ப்பார். திரும்பவும் நிமிர்த்துவார், திரும்பவும் கவிழ்ப்பார். என்னைக் கூர்ந்து பார்ப்பார். சாப்பாடா அக்கா? இல்லை என்று தலையாட்டுவார். சாவியா? சாமியா? சாயங்காலமா? எனக்குத் தெரிந்த சா வார்த்தைகளையெல்லாம் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் கையைத் தொப்பென்று மடியில் போட்டுவிடுவார். அந்தக் கைச்சாடைக்கு அண்ணன்தான் அர்த்தம் சொன்னார்.

"மூடச் சொல்றா டீச்சர். போதும்ங்கிறா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளங்கை கவிழ்வது ஒரு லேப்டாப்பை மூடுவது மாதிரித்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். கடையிலிருந்து தள்ளி வந்து பேசுகிறார் என்று தெரிந்தது. குரல் அடங்கியிருந்தது. சுற்றி வளைத்து எதையோ பேசினார், மழையைப் பற்றிக் கேட்டார். பிறகு சட்டென்று விஷயத்துக்கு வந்தார்.

"அவ சா, சான்னு சொல்றா இல்லீங்களா... சாகணும்னு சொல்றாளோன்னு எனக்குப் பயமாக் கெடக்கு டீச்சர். ராத்திரியெல்லாம் முழிச்சு முழிச்சு அவளப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். படித்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பார்த்தும் இருக்கிறேன். சா என்பதற்கு நான் அடுக்கிய வார்த்தைகளில் அது மட்டும் இல்லை. அதை நினைக்க எனக்கும் பயம் இருந்திருக்கிறது போல. அண்ணன் தொடர்ந்து, வகுப்பை நிறுத்திவிடலாம் என்றார். அது நின்று நின்று போவதையும், சொல்ல முடியாமல் அவள் தவிப்பதையும் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார். உங்கள் மேல் குறை இல்லை என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாள் பொறுங்கள், நான் நேரில் வருகிறேன், அக்காவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அவசியமென்றால் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போவோம் என்றேன். அன்றிரவு அக்காவை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பையில் படச் சீட்டுகளையும் லேப்டாப்பையும் எடுத்து வைத்தேன். மழையில் மலைப்பாதையில் தனியாகப் போக வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர், காலையில் அவரே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார்.

வெள்ளனே பழனி பஸ்ஸைப் பிடித்தேன். பெருமாள்மலை தாண்டியதும் ஒரே மூடுபனி. வடகவுஞ்சிப் பக்கம் பூண்டு மூட்டைகளோடு ஆட்கள் ஏறினார்கள், பஸ் முழுக்கப் பூண்டு வாசம். வளைவுகளில் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இறக்கினார். எனக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. நேரில் பார்த்ததும் முதலில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தது. சுற்றி வளைக்கக் கூடாது, நேராகக் கேட்டுவிட வேண்டும்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்ததைவிடச் சிறிய உருவம். என்னைக் கண்டதும் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகில் நின்றார். நான் அக்காவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நேராக் கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சா, சான்னு சொல்றது... சாகணும்னு தோணுதா உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் தலை குனிந்து நின்ற விதத்திலேயே இது எங்கிருந்து வந்த கேள்வி என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். கண் அகலமானது. இல்லை, இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். இடது கையால் தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். கூறு கெட்டவர்களா என்று எங்கள் இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

பிறகு என் பையைக் காட்டினார். படச் சீட்டுகளை எடுத்தேன். வேண்டாம் என்று தள்ளினார். லேப்டாப்பை எடுத்ததும் வேகமாகத் தலையசைத்தார். மேசையில் வைத்து அதைத் திறந்தேன். அக்கா நாற்காலியிலேயே முன்னால் நகர்ந்து, இடது கையால் திரையின் மேல் ஓரத்தைப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"சா... சா..." என்றார். ஒரு மூச்சு எடுத்தார். "சாய்..."

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. உதட்டைக் குவித்து, கண்ணைப் பாதி மூடி, அப்படியே அசையாமல் உட்கார்ந்தார். யாரோ மாதிரி நடிக்கிறார் என்று தெரிந்தது, யார் என்று எனக்குப் புரியவில்லை. கதவருகில் நின்ற அண்ணன்தான் குபுக்கென்று சிரித்துவிட்டார்.

"டீச்சர், அது நீங்கதான். நெட் நிக்கும்போது எங்க டேப்லெட்ல நீங்க இப்படித்தான் இருப்பீங்க."

அக்கா திரையைப் பின்னால் தள்ளினார். முகம் உயிர் பெற்றது. வாயை அசைத்து, கையை ஆட்டி, நான் பேசுவது போலச் செய்தார். திரும்பவும் திரையைத் தன் பக்கம் சாய்த்தார். திரும்பவும் அசையாமல் உட்கார்ந்தார்.

என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. அவசர அவசரமாக அவர்கள் வீட்டு வைஃபையில் லேப்டாப்பை இணைத்து, டேப்லெட்டை அண்ணன் கையில் கொடுத்து அடுத்த அறைக்குப் போகச் சொல்லி அழைத்தேன். பேசிக்கொண்டே திரையை என் பக்கம் சாய்த்தேன். "நின்னுருச்சுங்க" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. நிமிர்த்தினேன். சற்றுப் பொறுத்து, "வந்துருச்சு" என்றார். சாய்த்தேன். நின்றது. நிமிர்த்தினேன். வந்தது. அவ்வளவுதான் கோளாறு. இத்தனை நாளாக நான் ரூட்டருக்குள்ளும் லேப்டாப்புக்குள்ளும் தேடியது, என் கைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. வாயைக் காட்டுவதற்காக நான் திரையைச் சாய்க்கும் நேரம் பார்த்து நிற்கும். எரிச்சலில் பின்னால் தள்ளியதும் வந்துவிடும். குழந்தைகளுக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் அப்படிச் சாய்த்து வாயைக் காட்ட வேண்டிய தேவை இல்லை, அறிக்கை எழுதும்போதும் இல்லை. சர்வீஸ் கடையில் யாரும் அப்படிச் சாய்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் செய்வதையெல்லாம் எதிரிலிருந்து கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அக்கா மட்டும்தான். நான் கை நீட்டுவது, படம் ஒரு தரம் ஆடுவது, உடனே நிற்பது எல்லாம் அவருக்குத்தான் தெரிந்தது. அதைத்தான் நாள் தவறாமல் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். உள்ளங்கையைக் கவிழ்த்தது வகுப்பை மூடச் சொல்லி அல்ல. சாய்க்காதே என்று.

அண்ணன் டேப்லெட்டோடு திரும்பி வந்தார். அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்டி" என்றார். அக்கா அவர் தலையில் இடது கையால் லேசாக ஒரு குட்டு வைத்தார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன். மத்தியானம் நேரிலேயே ஒரு வகுப்பு நடந்தது. சாய் என்பதை வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன், அது அவர் தானாகத் தேடி எடுத்த வார்த்தையாயிற்றே. பல முறை முயன்று, கிளம்புவதற்குள் "சாய்க்காத" என்று முழுசாகச் சொன்னார். இந்த முறை என் காதாலேயே கேட்டேன். நல்லபடியாக மலைக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அதே சர்வீஸ் கடைக்குப் போனேன். திரையைச் சாய்த்துக் காட்டி, இந்தக் கீலைத் திறந்து பாருங்கள் என்றேன். திறந்தார்கள். வைஃபை சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் இருக்குமாம். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கீல் வழியாகக் கீழே வருகிறது. அது கீலில் உரசி உரசி நைந்திருந்தது. ஒரு கோணத்தில் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு கோணத்தில் விட்டுவிடும். நான் கேசரி கிண்டிய அந்தச் சில நாட்களில் எப்படியோ ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, எப்படி மேடம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் கண்டுபிடிக்கவில்லை, என்னிடம் பேசக் கற்றுக்கொள்ளும் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

புது வயர் மதுரையிலிருந்து வர சில நாட்கள் ஆயின. அதுவரைக்கும் லேப்டாப்பைச் சாய்க்காமல் நான் சாய்ந்துகொண்டேன். கழுத்தை வளைத்து, முட்டி போட்டு, வாயைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுவந்து காட்டுவேன். அக்காவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது. அவர் சிரிக்கச் சிரிக்க வார்த்தைகளும் வெரசா வந்தன. பயந்து முயலும்போது வராததெல்லாம் சிரிக்கும்போது தன்னால் வருவதை அந்த நாட்களில்தான் கண்ணால் பார்த்தேன்.

அக்காவுக்கு முழுப் பேச்சும் திரும்பிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் நீளமான வாக்கியம் வராது. விளக்கு என்று சொல்ல நினைத்துத் திரி என்று சொல்லிவிடுவார், பிறகு தானே திருத்திக்கொள்வார். ஆனால் கடையில் உட்காருகிறார். அடுத்து வந்த தைப்பூசக் கூட்டத்தில், "வாங்க, பாருங்க" என்று வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டதாக அண்ணன் போனில் சொன்னார். கூடவே தானும் இப்போது கொஞ்சம் பேசப் பழகிவிட்டதாகச் சொன்னார். வாரம் ஒரு முறை இன்னமும் வகுப்பு நடக்கிறது. லேப்டாப்பும் அதேதான், ஒரு தரம்கூட நிற்கவில்லை.

நான் இத்தனை வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். பேச முடியாதவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். ஆனாலும் அக்கா என்னிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்தேனே தவிர, எனக்குத்தான் புரியவில்லை என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஒருவர் பேசுவது நமக்கு விளங்கவில்லை என்றால், கோளாறு அவர் பக்கம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன், இன்னும் ஒரு தரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.